குறும்பாடு இல்லாத சமவெளியில் கம்பளிக் கைவினை: பேரையூரை முன்வைத்துச் சில கேள்விகள்

1. கேள்வி

அறுவடை முடிந்த கரிசல் காடுகளில் எருவுக்காகச் செம்மறிக் கிடை போடும் வழக்கம் மதுரை மாவட்டத்தின் தென்மேற்கு ஓரத்தில் இன்னும் அற்றுப்போகவில்லை. பேரையூர், சாப்டூர், எழுமலை, தே. கல்லுப்பட்டி வட்டாரங்களில் மானாவாரி விவசாயமும் செம்மறி வளர்ப்பும் ஒன்றையொன்று சார்ந்தே வந்திருக்கின்றன. இதைப் பார்க்கிற எவருக்கும் எளிதில் தோன்றக்கூடிய யோசனை ஒன்று உண்டு. ஆடு இருக்கிறது, ஆட்டுக்கு மயிர் இருக்கிறது, வேலை தேடும் பெண்கள் இருக்கிறார்கள். ஆகவே வெளிநாட்டுச் சந்தையில் நல்ல விலைக்குப் போகிற கம்பளி ஃபெல்ட் பொருள்களை இங்கேயே செய்து விற்கலாமே? பைகள், சாவிக்கொத்துகள், கோப்பை வைக்கும் தட்டைகள், குழந்தைகளுக்கான பொம்மைகள், பரிசுப் பொருள்கள் என்று பட்டியலும் நீளும்.

யோசனையின் முதல் பாதியும் இரண்டாம் பாதியும் தனித்தனியே உண்மை. இரண்டையும் இணைக்கும் இடத்தில்தான் சிக்கல். ஆடு இருப்பதால் கம்பளி இருக்கும் என்பதும், கம்பளி இருந்தால் ஃபெல்ட் வரும் என்பதும், ஃபெல்ட் வந்தால் வருமானம் வரும் என்பதும் மூன்று வெவ்வேறு கூற்றுகள். இக்கட்டுரை அவற்றைப் பிரித்துச் சோதிக்க முயல்கிறது.

பேசுபொருளை முதலில் வரையறுத்துவிடலாம். நூற்காமல், நெய்யாமல், கம்பளி இழைகளை ஈரமும் சூடும் அழுத்தமும் கொண்டு ஒன்றோடொன்று பின்னவைத்துச் செய்யும் துணியே ஃபெல்ட். முள் வெட்டுள்ள ஊசியால் உலர்ந்த கம்பளியைக் குத்திக் குத்தி உருவம் செய்வது இதன் இன்னொரு வகை. மதுரைக் கடைகளில் பள்ளிப் பிள்ளைகளின் கைவேலைக்கு விற்கும் வண்ண ‘ஃபெல்ட் ஷீட்’ பெரும்பாலும் பாலியெஸ்டர். அது வேறு கதை. ஓர் இழையை உருவித் தீயில் காட்டினால் வேறுபாடு தெரிந்துவிடும். கம்பளி மயிர் பொசுங்கும் வாடையோடு சுருண்டு கருகி, விரலில் பொடியாகும். பாலியெஸ்டர் உருகி, ஆறியதும் கெட்டி மணியாக உறையும். வாங்குபவரை ஏமாற்றாமல் விற்க நினைப்பவர்களுக்கு இதைவிட மலிவான ஆய்வுக்கூடம் தேவையில்லை.

2. இழையின் இயல்பு

ஆட்டுமயிரின் மேற்புறத்தில் ஓடு வேய்ந்தாற்போலச் செதில்கள் உண்டு. வேரிலிருந்து நுனியை நோக்கி அவை ஒன்றன்மேல் ஒன்றாகக் கவிந்திருக்கின்றன. ஆகவே இழை ஒரு திசையில் வழுக்கும், எதிர்த் திசையில் தடைபடும். வெந்நீரும் சோப்பும் சேரும்போது செதில்கள் விரிந்து கொடுக்கின்றன. அந்நிலையில் தேய்த்தும் உருட்டியும் அலைக்கழித்தால் ஒவ்வோர் இழையும் தன் வேர்த் திசையிலேயே நகர்ந்து அண்டை இழைகளுக்குள் புகும். திரும்பி வர வழியில்லை. ஃபெல்ட் என்பது இந்த ஒருவழிப் பயணத்தின் விளைவு.

செய்முறையும் இதைத்தான் பின்பற்றுகிறது. சீவிய கம்பளியை ஒரு படலம் கிடையாகவும், அதன்மேல் ஒரு படலம் நெடுக்காகவும் பரப்பி, சூடான சோப்பு நீரைத் தெளித்து, முதலில் உள்ளங்கையால் அழுத்தாமல் தடவ வேண்டும். அவசரப்பட்டு அழுத்தினால் படலங்கள் விலகி ஓட்டை விழும். இழைகள் ஓரளவு பிடித்துக்கொண்ட பிறகே பாயில் சுருட்டி முன்னும் பின்னும் உருட்டுவது. பதம் பார்க்க விரல்நுனியால் கிள்ளித் தூக்குவார்கள். இழை மட்டும் தனியே எழுந்தால் இன்னும் வேலை இருக்கிறது; துணி முழுவதும் சேர்ந்து எழுந்தால் பதம் வந்துவிட்டது. முடிவில் பரப்பு மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலோ சுருங்கியிருக்கும்.

எல்லா ஆட்டுமயிரும் இப்படிப் பின்னாது. இழை நுண்மையாகவும் இயற்கையான சுருளோடும் இருக்க வேண்டும். மெரினோ கம்பளி பெரும்பாலும் 24 மைக்ரானுக்குள் அமையும். 40 மைக்ரானை நெருங்கும் முரட்டு இழைகளில், குறிப்பாக நடுவே உள்ளீடற்ற குழல்போன்ற மயிரில், செதில்கள் இருந்தும் வளைவும் நெகிழ்வும் போதாமல் போகின்றன. அவை பின்னினாலும் தளர்ந்து நிற்கும், மேற்பரப்பில் குத்தும்.

3. செம்மறி தரும் சான்று

2019-இல் எடுத்த 20-ஆவது கால்நடைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் சுமார் 7.43 கோடி செம்மறிகள். தமிழ்நாட்டில் மட்டும் ஏறத்தாழ 45 இலட்சம். ஆனால் கம்பளி உற்பத்திப் புள்ளிவிவரங்களில் தமிழ்நாட்டைத் தேட வேண்டியிருக்கிறது. 2022-23-இல் நாட்டின் மொத்தக் கம்பளி உற்பத்தி சுமார் 3.36 கோடி கிலோ. அதில் பாதிக்குச் சற்றே குறைவு ராஜஸ்தானுடையது. ஜம்மு காஷ்மீர், குஜராத், மகாராஷ்டிரம், இமாச்சலப் பிரதேசம் அடுத்தடுத்து வருகின்றன.

இந்த முரணுக்கு விடை இனத்தில் இருக்கிறது. கீழக்கரிசல், இராமநாதபுரம் வெள்ளை, வேம்பூர், வாடிப்பட்டிப் பக்கத்துக் கச்சைகட்டிக் கறுப்பு என்று தென்மாவட்டங்களின் பெயர்பெற்ற செம்மறிகள் அனைத்தும் குட்டை மயிர் கொண்டவை. உடலோடு ஒட்டிய, மினுமினுப்பான, கத்தரிக்கத் தேவையே இல்லாத மயிர். இறைச்சிக்காகவும், கச்சைகட்டியைப் பொறுத்தவரை கிடாமுட்டுக்காகவும் வளர்க்கப்படுபவை. வெயிலுக்கும் வேலிக்கருவை முள்ளுக்கும் இடையில் பகல் முழுக்க நடக்கும் ஆட்டுக்கு அடர்ந்த கம்பளி சுமையே அன்றி வேறில்லை. ஒட்டும் புல்விதைகளும் முள்ளும் சிக்கிய மயிரை யார் சுத்தம் செய்வது?

தமிழ்நாட்டில் கம்பளி தரும் இனங்கள் மூன்று: குறும்பாடு எனப்படும் கோயம்புத்தூர்க் குறும்பை, திருச்சிக் கறுப்பு, நீலகிரி. இவற்றுள் முதலாவதன் பரவலைக் குறிக்கும்போது ஆர்.எம். ஆச்சார்யா 1982-இல் ஐ.நா. உணவு வேளாண் அமைப்புக்காக எழுதிய இந்திய ஆட்டினங்கள் பற்றிய நூல் கோயம்புத்தூரோடு மதுரை மாவட்டத்தையும் சேர்த்துச் சொல்கிறது. பின்வந்தோர் அதை அப்படியே எடுத்தாள்கிறார்கள். ‘மதுரையில் கம்பளி ஆடு உண்டு’ என்ற நம்பிக்கைக்கு இதுவும் ஓர் ஊற்றாக இருக்கலாம். ஆனால் 1982-இன் மதுரை மாவட்டம் இன்றைய மதுரை மாவட்டம் அல்ல. திண்டுக்கல் 1985-இல் பிரிந்தது. தேனி 1990-களின் பிற்பகுதியில் பிரிந்தது. குறும்பாடு மேய்ந்த மேற்கு ஓரம், அதாவது கொங்கு நாட்டை ஒட்டிய பழனி, ஒட்டன்சத்திரப் பக்கம், இன்று திண்டுக்கல்லைச் சேர்ந்தது. பழைய நூலின் மாவட்டப் பெயரைப் புதிய வரைபடத்தில் வைத்துப் படித்தால் பேரையூரில் இல்லாத ஆடு இருப்பதாகிவிடும்.

அப்படியே குறும்பை கிடைத்தாலும் அதன் கம்பளி 40 மைக்ரானை ஒட்டிய முரட்டு வகை. ஓர் ஆடு ஆண்டுக்குத் தருவதும் அரைக்கிலோவைத் தாண்டாது. திருச்சிக் கறுப்பினுடையது இன்னும் முரடு. நீலகிரி ஆடு மட்டும் விதிவிலக்கு. 19-ஆம் நூற்றாண்டில் உள்ளூர் ஆட்டோடு மெரினோவையும் செவியட், சவுத்டவுன் ஆகிய பிரிட்டிஷ் இனங்களையும் கலந்து உருவான இவ்வினத்தின் கம்பளி 27 மைக்ரான் அளவில் அமைந்து, நல்ல ஃபெல்டுக்கு ஏற்றதாக இருக்கிறது. ஆனால் அதன் எண்ணிக்கை தேய்ந்து, உதகை அருகே சாண்டிநல்லாவில் உள்ள கால்நடைப் பல்கலைக்கழக ஆராய்ச்சி நிலையமே அதன் முக்கியப் புகலிடமாகிவிட்டது.

பேரையூர்ச் செம்மறியின் பொருளாதாரத்தில் கறிக்கு அடுத்த இடம் எப்போதும் எருவுக்குத்தான். ஆட்டெரு அவ்வருஷம், மாட்டெரு மறுவருஷம் என்பார்கள். கீதாரி ஊர் ஊராக மந்தையை நடத்திச் சென்று, நிலத்துக்காரரிடம் பேசிக் கிடை அமர்த்தி, இரவுக்கு இவ்வளவு என்று வாங்குவது புழுக்கைக்கும் மூத்திரத்துக்கும் உரிய விலை. மயிர் அந்தக் கணக்கில் வருவதே இல்லை. கி. ராஜநாராயணனின் ‘கிடை’யும் சு. தமிழ்ச்செல்வியின் ‘கீதாரி’யும் அறிமுகப்படுத்தும் ஆட்டுக்காரர் உலகத்தைக் கம்பளி உலகமாகக் கற்பனை செய்துகொண்டால் தொடக்கத்திலேயே தடம் மாறிவிடுகிறோம்.

4. பழைய சான்றுகள்

சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதை மதுரையின் அறுவை வீதியை வருணிக்கும்போது பருத்தி நூல், பட்டு ஆகியவற்றோடு மயிரால் ஆன துணியையும் சேர்த்தே சொல்கிறது. இதை வைத்து மதுரையில் கம்பளித் தொழில் இருந்ததாகச் சொல்லிவிடத் தோன்றும். வருணனை கடைவீதியைப் பற்றியது, தறியைப் பற்றியதன்று. வணிக நகரத்தில் விற்ற பொருள் அங்கேயே செய்யப்பட்டிருக்க வேண்டும் என்பதில்லை. சீவக சிந்தாமணி எலிமயிர்க் கம்பலத்தைப் பேசுகிறது. காப்பியங்களில் மயிர்த்துணி அரிய சரக்கு, செல்வத்தின் அடையாளம். ஆட்டுக்காரர் தோளில் கிடக்கும் கருங்கம்பளியோடு அதை ஒன்றாக வைத்துப் பேச எனக்குத் தயக்கமே.

அந்தக் கருங்கம்பளிக்கு உறுதியான சான்று உண்டு. எட்கர் தர்ஸ்டன் 1909-இல் ரங்காச்சாரியோடு வெளியிட்ட ஏழு தொகுதிகளில் குறும்பர், குருபர் பற்றிய பகுதி முரட்டுக் கம்பளி நெசவை அவர்கள் தொழிலாகக் குறிக்கிறது. அது நெசவு, ஃபெல்ட் அல்ல. தக்காணத்தில் இன்றும் பாவு நூலுக்குப் புளியங்கொட்டைப் பசை போட்டு விறைப்பாக்கி, குழித்தறியில் நெய்கிறார்கள். மழைக்குக் கொங்காணியாக மடித்துத் தலையில் போட, இரவில் கிடைக் காவலுக்குப் போர்த்த அது போதும். முரட்டு இழை அங்கே குறை அன்று. தண்ணீர் வழிந்தோட அதுவே உதவியது. தக்காணி ஆட்டின் முரட்டுக் கம்பளிக்கு உகந்த தொழில்நுட்பம் நெசவுதான் என்பதை அந்தச் சமூகங்கள் பல தலைமுறைக்கு முன்பே முடிவு செய்துவிட்டன. தெலங்கானாவில் கறிக்காக நெல்லூர் இன ஆடு பெருகியபோது தக்காணி ஆடும், அதோடு ‘கொங்கடி’ என்னும் கம்பளியும் சேர்ந்தே பின்வாங்கின என்பது இதன் மறுபக்கம்.

ஃபெல்டின் தாயகம் வேறு. சைபீரியாவின் அல்தாய் மலையில் பாசிரிக் கல்லறைகளில் உறைபனி காத்துவைத்த ஃபெல்ட் திரைகளும் அன்ன உருவங்களும் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்டவை. இன்று செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கின் ஹெர்மிடாஜ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. கிர்கிஸ்தானின் ஷிர்தாக், அலா-கியீஸ் விரிப்புக் கலையை யுனெஸ்கோ 2012-இல் உடனடிப் பாதுகாப்பு வேண்டும் மரபுகளின் பட்டியலில் சேர்த்தது. குளிர், நாடோடி வாழ்வு, கம்பளி ஆடு ஆகிய மூன்றும் கூடிய நிலங்கள் அவை. நம் சமவெளியில் மூன்றாவது மட்டுமல்ல, முதலாவதும் இல்லை.

5. குமரப்பாவின் அளவுகோல்

இந்த இடத்தில் பேரையூர் வட்டாரத்துக்கே உரிய ஒரு பெயர் குறுக்கிடுகிறது. தே. கல்லுப்பட்டியில் 1940-இல் கோ. வேங்கடாசலபதி நிறுவிய காந்தி நிகேதன் ஆசிரமத்தில்தான் ஜே.சி. குமரப்பா தம் கடைசி ஆண்டுகளைக் கழித்தார். 1934-இல் தொடங்கிய அகில இந்தியக் கிராமத் தொழில்கள் சங்கத்தை நடத்தியவர்; ‘நிலைத்த பொருளாதாரம்’ பற்றி 1945-இல் நூல் தந்தவர். 1960 ஜனவரி 30 அன்று மதுரையில் காலமானார். கிராமத் தொழில் என்பது உள்ளூர் மூலப்பொருளை உள்ளூர்க் கைகள் மாற்றி முதலில் உள்ளூர்த் தேவையைத் தீர்ப்பது என்பதே அவர் சிந்தனையின் சாரம்.

இந்த அளவுகோலில் மூலப்பொருள், தொழில்நுட்பம், சந்தை என்ற மூன்று கேள்விக்கும் கம்பளி ஃபெல்ட் தோற்கிறது. கம்பளி வெளியூர், தொழில்நுட்பம் வெளியூர், வாங்குபவரும் வெளியூர். உள்ளூரினது உழைப்பு மட்டும். பனையோலை, கோரை, தென்னை நார், வாழை நார் என்று மூலப்பொருள் காலடியில் கிடக்க, கடல் தாண்டி வரும் கம்பளியைத் தேடுவது ஏன் என்று அவர் கேட்டிருப்பார் என்றே நினைக்கிறேன்.

எனினும் இந்த அளவுகோலை அப்படியே ஏற்பதிலும் சிக்கல் உண்டு. மதுரைச் சுங்குடி 2005-இல் புவிசார் குறியீடு பெற்றது. அதை வளர்த்த சௌராஷ்டிரர்கள் வெளியிலிருந்து வந்து குடியேறியவர்கள். துணியில் நுண்முடிச்சுப் போட்டவர்கள் பெரும்பாலும் வீட்டிலிருந்த பெண்கள். இன்று அதை மதுரைக்கு உரியதல்ல என்று யாரும் சொல்வதில்லை. வந்த தொழில் வேரூன்றியதற்கு நீண்ட காலமும், பக்கத்திலேயே இருந்த சந்தையும், ஒரு சமூகத்தின் விடாப்பிடியும் காரணம். மூலப்பொருள் ஊர்க்காரராக இருக்க வேண்டும் என்பதைவிட, வாங்குபவர் எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும் என்பதே இந்தச் சான்று தரும் பாடம். குமரப்பாவின் மூன்று கேள்விகளில் முதலாவதைத் தளர்த்தலாம். மூன்றாவதைத் தளர்த்த முடியாது.

6. காட்மாண்டும் காஷ்மீரும்

உள்ளூர்க் கம்பளி இல்லாமலே ஃபெல்ட் தொழில் நடக்கும் என்பதற்குக் காட்மாண்டு சாட்சி. அங்கிருந்து உலகெங்கும் போகும் வண்ண உருண்டைகள், விரிப்புகள், தொங்கல்கள் பெருமளவு நியூசிலாந்துக் கம்பளியில் பெண்கள் கையால் செய்யப்படுபவை. சாயமேற்றிச் சீவிய கம்பளி கைக்கு வந்துவிட்டால் மீதி உழைப்புதான். ஆனால் வடிவமும் விலையும் பெரும்பாலும் வெளிநாட்டு மொத்த வியாபாரியிடம் முடிவாகின்றன.

காஷ்மீரின் நம்தா என்னும் ஃபெல்ட் விரிப்பு எதிர்ச்சான்று. கம்பளியும் உண்டு, நூற்றாண்டு மரபும் உண்டு. இருந்தும் 1998-க்கும் 2008-க்கும் இடையில் அதன் ஏற்றுமதி ஏறத்தாழ முழுவதும் விழுந்துவிட்டதாக ஒன்றிய அரசே குறிப்பிட்டது. மூலப்பொருள், தேர்ந்த ஆள், சந்தைப்படுத்தல் மூன்றின் குறைவும் காரணமாகச் சொல்லப்பட்டது. 2021-இல் திறன் மேம்பாட்டுத் திட்டத்தின்கீழ் மீட்பு முயற்சி தொடங்கி, 2023-இல் பிரிட்டனுக்கு ஒரு தொகுதி அனுப்பப்பட்டது. மரபு இருந்தாலே தொழில் நிற்கும் என்பதற்கில்லை என்றால், மரபு இல்லாத இடத்தில் எச்சரிக்கை இரட்டிப்பாக வேண்டும்.

7. ஒரு கணக்கு

விவாதத்தை எண்ணில் வைத்துப் பார்க்கலாம். 2 செ.மீ. குறுக்களவுள்ள ஃபெல்ட் உருண்டைக்குச் சுமார் 1 கிராம் கம்பளி போகும். பழகிய கை ஓர் உருண்டையை 4 நிமிடத்தில் உருட்டுவதாக வைத்துக்கொள்வோம். 20 செ.மீ. வட்டத் தட்டைக்கு 80 உருண்டைகள் வேண்டும். நூறுநாள் வேலைத் திட்டத்தில் தமிழ்நாட்டுக்கு 2025-26-இல் அறிவிக்கப்பட்ட நாள்கூலி 336 ரூபாய். 8 மணி நேரத்துக்குப் பகிர்ந்தால் மணிக்கு 42. உருட்டக் கூலி 224 ரூபாய். கோத்துத் தைக்க அரைமணி, 21 ரூபாய். சாயமேற்றிச் சீவிய இறக்குமதிக் கம்பளியைக் கிலோ 2,000 ரூபாய் என்று கொண்டால் 80 கிராமுக்கு 160. மொத்தம் 405. சோப்பு, விறகு, கழிவு, போக்குவரத்து, கடைக்காரர் பங்கு எதுவும் இதில் இல்லை.

இனி, முரட்டு உள்ளூர்க் கம்பளி இலவசமாகவே கிடைப்பதாகக் கொள்வோம். இழை பின்ன மறுப்பதால் உருண்டைக்கு 6 நிமிடம் ஆகிறது என்றால் கூலி 336, தையலோடு 357. கம்பளியில் 160 ரூபாய் மிச்சம், கூலியில் 112 ரூபாய் கூடுதல். எஞ்சும் 48 ரூபாயில் 80 கிராம் கம்பளியை அழுக்கும் பிசுக்கும் போக அலசி, முள் பொறுக்கி, சாயமிட்டு, சீவி முடிக்க வேண்டும். பச்சைக் கம்பளியின் எடையில் பெரும்பங்கு அலசலிலேயே போய்விடும். வெந்நீர் மாற்றி மாற்றி அலசவும் வேண்டும். கோடையில் குடிநீருக்கே லாரியை எதிர்பார்க்கும் ஊர்களில் இது சிறிய கேள்வி அல்ல. எண்களை யார் எப்படி மாற்றிப் போட்டாலும், இலவசக் கம்பளி மலிவான கம்பளி அல்ல என்ற முடிவு எளிதில் மாறாது.

ஆகவே, செம்மறி நிலம் என்பதால் கிடைக்கக்கூடிய இயற்கைச் சாதகம் பேரையூருக்கு இல்லை. உழைப்பை மலிவாக வைத்தால் மட்டுமே கிடைக்கும் சாதகம் ஒன்று உண்டு. அதை வளர்ச்சி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தீப்பெட்டி ஒட்டும் வீட்டுவேலையை இந்த வட்டாரம் நன்றாக அறியும்.

8. எஞ்சும் வாய்ப்பு

முற்றாக மறுப்பதும் சரியன்று. கொடைக்கானல் மேல்மலையில் மன்னவனூரில் மத்திய செம்மறி மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல மையம் பாரத் மெரினோ ஆடுகளைப் பராமரிக்கிறது. மெரினோ தரத்தை நெருங்கும் நுண்கம்பளி, அதே பழைய மதுரை மாவட்டத்து மலையில். அளவு சிறியதுதான், சிறிய கைவினைக் குழு ஒன்றுக்கு அது போதும். 2022 டிசம்பர் 29 முதல் நடைமுறையில் உள்ள ஆஸ்திரேலியாவுடனான வர்த்தக ஒப்பந்தத்தால் அங்கிருந்து இறக்குமதியாகும் கம்பளியின் சுங்கச் சுமையும் நீங்கியிருக்கிறது.

சந்தையைப் பொறுத்தவரை, குளிர்நாட்டுக்காரர் வாங்கும் தொப்பியையும் காலணியையும் நகலெடுப்பதில் பயனில்லை. மதுரையிலேயே வாங்குபவர் இருக்கும் பொருள் கொலு பொம்மை. விளாச்சேரியின் மண்பொம்மையோடு போட்டியிடாமல், உடையாத, எடையற்ற, ரயிலிலும் விமானத்திலும் கொண்டுபோகக்கூடிய சிறு உருவங்களாகச் செய்யலாம். வெளிநாட்டில் கொலு வைக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு எடை ஒரு பெரிய விஷயம். முன்னங்காலை நீட்டி நிற்கும் கச்சைகட்டிக் கிடா ஒன்றை ஊசி ஃபெல்டில் செய்தால் அதற்கு உள்ளூர் முகம் தானே வரும். அதன் கம்பளி மன்னவனூரினது அல்லது ஆஸ்திரேலியாவினது என்று அட்டையில் எழுதிவிட வேண்டும். மகளிர் திட்டத்தின் ‘மதி’, பூம்புகார் போன்ற விற்பனை வழிகள் இருக்கின்றன. ஆனால் கொலு விற்பனை புரட்டாசியை ஒட்டிய சில வாரங்கள்தான்.

அந்தச் சில வாரங்களுக்காக ஆண்டு முழுவதும் செய்து சேர்க்கும் சரக்கை யார் முதலில் விலை கொடுத்து வாங்கிவைப்பது என்பதே தொழிலின் உண்மையான கேள்வி. கம்பளி பூச்சி அரிக்கும் பொருள். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் வேப்பிலையோடு கட்டிவைத்தாலும் அடிக்கடி வெயில் காட்ட வேண்டும். விற்காத பொம்மைகள் செய்தவர் வீட்டிலேயே கிடக்கும் ஏற்பாடு என்றால் இரண்டாம் ஆண்டே குழு கலைந்துவிடும். பயிற்சி முகாமுக்கும் சான்றிதழுக்கும் செலவிடும் பணத்தில் ஒரு பகுதியை முன்கூட்டிய கொள்முதலுக்கும், இன்னொரு பகுதியைக் கம்பளி சீவும் சிறு கார்டிங் பொறிக்கும் ஒதுக்குவதே முதல் வேலையாக இருக்க வேண்டும். ராஜபாளையம் பக்கத்து நூற்பாலைகளில் கார்டிங் பொறிகளுக்குப் பஞ்சமில்லை, ஆனால் அவை குட்டைப் பருத்தி இழைக்கானவை. சீவாத கம்பளியை வைத்துக்கொண்டு எவ்வளவு தேர்ந்த கையாலும் ஒரு நல்ல உருண்டை உருட்ட முடியாது.